நிலக்கரிக் கிராமங்களும் உதைபந்தாட்டக் கழகங்களும்: வட இங்கிலாந்தின் ‘நோதேர்ன் லீக்’ பற்றிய சில சிந்தனைகள்

விளையாட்டைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுதல் நம்மிடையே இன்னும் வழக்குப் பெறவில்லை. நாட்டார் வழக்காற்றில் ஈடுபாடுடையோர் கிளித்தட்டு, போர்த்தேங்காய் முதலியன பற்றிக் குறிப்புகள் எழுதியுள்ளனர். ஆனால், சனி ஞாயிறு மாலைகளிலே நம் கிராமத்து இளைஞருட் பெருந்தொகையினரைத் தன்பால் ஈர்த்து நிற்கும் உதைபந்தாட்டம் ஆய்வாளரின் கண்ணிற் படுவது அரிது. மரபுவழிப் பண்டிதர் அதனை ஆய்வுக்குத் தகுதியற்ற பொழுதுபோக்கு எனத் தள்ளுவர். முற்போக்கு நண்பர் பலர் அதனை வர்க்க உணர்வை மழுங்கடிக்கும் அபின் என ஒதுக்குவர். வேறு வேறு வாயில்களால் நுழைந்தாலும் இரு சாராரும் ஒரே கூடத்திலேதான் வந்து அமர்கின்றனர். மக்கள் தம் ஓய்வு நேரத்திலே என்ன செய்கிறார்கள் என்பதைக் கேட்டறியாமலே தீர்ப்புக் கூறும் மனப்பாங்கே அக்கூடம். திரினிடாட்டிலே பிறந்த மார்க்சியரான சி. எல். ஆர். ஜேம்ஸ், 1963ஆம் ஆண்டு வெளியிட்ட தமது கிரிக்கெட் நூலின் மூலம், ஆட்டமொன்றைக் கொண்டே குடியேற்ற நாட்டுச் சமூகமொன்றின் வர்க்க, நிற முரண்பாடுகளை விளக்கலாம் எனக் காட்டினார். அந்நூலுக்கு ஈடான முயற்சி தமிழில் இன்னும் தோன்றவில்லை என்ற குறையுணர்வுடனேயே இக்கட்டுரையை எழுதத் துணிகின்றோம்.

இங்கு நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் சிறியது. இங்கிலாந்தின் வடகிழக்கிலே, டர்ஹம் மாவட்டத்தையும் அதனை அடுத்துள்ள பகுதிகளையும் களமாகக் கொண்டு 1889ஆம் ஆண்டு தொடக்கம் நடைபெற்றுவரும் ‘நோதேர்ன் லீக்’ என்னும் உதைபந்தாட்ட அமைப்பும், அதன் அங்கத்துவக் கழகங்களுமே அது. இன்று உலகில் நிலவும் உதைபந்தாட்ட லீக்குகளுள் வயதால் இரண்டாவது இதுவே. 1888இல் தோன்றிய ‘ஃபுட்போல் லீக்’ ஒன்றே இதற்கு மூத்தது. மூத்தது தொழில்முறை ஆட்டத்தின் தாயகமாயிற்று. இளையது, இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டின் நடுப்பகுதியிலிருந்து, அமெச்சூர் எனப்படும் ஊதியம் பெறாத ஆட்டக்காரரின் லீக்காக நிலைபெற்றது. ஒரே காலத்தில், ஒரே வர்க்கத்தின் மத்தியில் வேரூன்றிய இரு அமைப்புகள் ஏன் இவ்வாறு வேறுபட்டன என்பது நம் முதல் வினா. ஊதியமின்மை என்னும் கொள்கை எந்த வர்க்கத்தின் கொள்கை என்பது அதனுள் அடங்கிய, அதனினும் கடினமான வினா.

லீக் என்னும் சொல் நமக்குப் பழகியதேயாயினும் அதன் பொருளை ஒருமுறை தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. கிண்ணப் போட்டியிலே தோற்ற கழகம் அன்றே வெளியேறும். லீக்கிலோ ஒவ்வொரு கழகமும் ஏனைய எல்லாக் கழகங்களுடனும், தன் திடலில் ஒருமுறையும் எதிராளியின் திடலில் ஒருமுறையுமாக ஆடவேண்டும். ஆகவே ஆட்ட நாள்கள் முன்கூட்டியே நிச்சயிக்கப்படும். எந்தச் சனிக்கிழமை எந்த ஊரில் ஆட்டம் என்பது பருவம் தொடங்குமுன்பே தெரியும். இந்த நிச்சயத்தன்மை வெறும் நிர்வாக வசதியன்று. காலம் ஆலைச்சங்கின் வழியாக அளக்கப்பட்ட ஒரு சமுதாயத்திலேதான் இத்தகைய நாட்குறிப்பு தோன்றமுடியும். நெசவாலைகளிற் பெண்களும் சிறுவரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் வேலை செய்யலாகாது என 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. காலப்போக்கில் அவ்வரை நாள் விடுமுறை ஏனைய தொழில்களுக்கும் பரவிற்று. உதைபந்தாட்டம் அந்த அரை நாளிலே முளைத்த பயிர். வேலை நேரத்தைக் குறைப்பதற்காகத் தொழிலாளர் நடத்திய நீண்ட போராட்டத்தின் விளைச்சல்களுள் அதுவும் ஒன்று என்பதை, அபின் கோட்பாட்டினர் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

டார்லிங்டன் கழகத்தின் செயலாளராயிருந்த சார்ள்ஸ் கிரேவன் என்பவரின் முயற்சியால், 1889இல் பத்துக் கழகங்கள் கூடி லீக்கை அமைத்தன. நியூகாசில் ஈஸ்ட் எண்ட், நியூகாசில் வெஸ்ட் எண்ட், மிடில்ஸ்பரோ, ஸ்டொக்டன், சவுத் பாங்க் முதலியன அவற்றுட் சில. முதலாவது பருவத்திலே வாகை சூடிய கழகம் டார்லிங்டன் சென்ற் ஓகஸ்டீன்ஸ் ஆகும். நமது கரையோரக் கத்தோலிக்கக் கிராமங்களின் கழகங்கள் புனிதர் பெயரைத் தாங்கி நிற்பதைக் கண்டு பழகிய நமக்கு இப்பெயர் வியப்பளிப்பதில்லை. 1892இல் வெஸ்ட் எண்ட் நொடித்துப்போக, அதன் திடலையும் ஈஸ்ட் எண்ட் பெற்றது. நியூகாசில் யுனைட்டட் பிறந்தது. 1893இல் அது ஃபுட்போல் லீக்கிற்குச் சென்றது. மிடில்ஸ்பரோவும் 1899இல் தொழில்முறைக்கு மாறிற்று. பெருநகரக் கழகங்கள் இவ்வாறு ஒவ்வொன்றாக விலகிச் செல்ல, எஞ்சியவை சிறு நகரங்களினதும் சுரங்கக் கிராமங்களினதும் கழகங்களே. மூலதனம் குவிந்த இடத்திலே ஆட்டம் சரக்காயிற்று. மூலதனம் நிலத்தடியிலே மட்டும் இருந்த இடத்திலே அது ஊராரின் உடைமையாகவே நின்றது எனலாம்.

இவ்விடத்து டர்ஹம் சுரங்கக் கிராமம் என்பது எத்தகையது என்பதைச் சிறிது விரித்துக் கூறல் அவசியமாகின்றது. எங்கல்ஸ் 1845இல் வெளியிட்ட இங்கிலாந்துத் தொழிலாள வர்க்கத்தின் நிலை பற்றிய நூலிலே, டர்ஹம், நோதம்பர்லாந்து சுரங்கத் தொழிலாளர் 1844இல் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தை விவரித்துள்ளார். வீடுகள் சுரங்க உடைமையாளருக்கே சொந்தமாயிருந்தமையால், வேலைநிறுத்தம் செய்தோர் மனைவி மக்களுடன் வீதிக்குத் துரத்தப்பட்டனர். வருடந்தோறும் தொழிலாளியைச் சுரங்கத்தோடு பிணைத்த ஒப்பந்தம் 1872இலேயே டர்ஹமில் ஒழிந்தது. 1869இல் டர்ஹம் சுரங்கத் தொழிலாளர் சங்கம் நிறுவப்பட்டிருந்தது. வீடு முதலாளியினது, நிலம் பிரபுவினது அல்லது திருச்சபையினது. ஃபெரிஹில் கிராமத்துச் சுரங்கமொன்று, டர்ஹம் பேராலயத்தின் குருமார் சபையைக் குறிக்கும் ‘டீன் அண்ட் சப்டர்’ என்ற பெயராலேயே வழங்கியது. நிலத்தின் மேல் வழிபாடும் நிலத்தின் கீழ் வருமானமுமாக அச்சபை விளங்கியதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை. சுரங்கத்திலிருந்து இலக்கியத்துக்கு வந்த எழுத்தாளர் சிட் சப்ளின் அச்சுரங்கத்திலேயே வேலை செய்தவர்.

இத்தகைய கிராமத்திலே தொழிலாளர் தமக்கென உரிமை கொண்டாடத்தக்கவை மிகச் சிலவே: தொழிற்சங்கக் கிளை, கூட்டுறவுக் கடை, மெதடிஸ்த சிற்றாலயம், உதைபந்தாட்டக் கழகம். நான்கின் நிர்வாகத்திலும் ஒரே வகை நடைமுறைகளைக் காண்கிறோம். பொதுக்கூட்டம், தெரிவு செய்யப்பட்ட குழு, கணக்குப் புத்தகம், கூட்டக் குறிப்பு, ஒழுங்கு மீறியோரை விசாரித்தல். செயலாளராய் எழுதப் பழகிய கை தொழிற்சங்கக் கடிதத்தையும் எழுதும், கழகத்தின் ஆட்ட அறிவித்தலையும் எழுதும். தம்மை நிர்வகிக்கத் தெரியாதோர் என ஆளும் வர்க்கம் கருதிய மக்கள், தம்மைத் தாமே நிர்வகிக்கப் பயின்ற பள்ளிகளுள் ஒன்றாக உதைபந்தாட்டக் கழகமும் இருந்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வெட்டியெடுக்கப்படும் ஒவ்வொரு தொன் நிலக்கரிக்கும் ஒரு பென்னி வீதம் அறவிட்டுச் சுரங்கத் தொழிலாளர் நலநிதி அமைக்கப்பட்டது. விளையாட்டுத் திடல்கள் பல அந்நிதியாலேயே உருவாயின. ஆகவே அத்திடல்களிற் புல்லோடு நிலக்கரியும் கலந்திருந்தது என்றால் அது அணியுரையன்று.

கழகங்களின் பெயர்களே ஒரு பொருளாதார வரலாறு. ஈசிங்டன் கொலியரி என்பது சுரங்கத்தின் பெயரையே தாங்குவது. ஷில்டன், 1825இல் நீராவி இயந்திரம் இழுத்த புகையிரதம் புறப்பட்ட ஊர். சவுத் பாங்க் இரும்புருக்கும் உலைகளின் ஊர். பில்லிங்கம் சிந்தோனியா என்ற விசித்திரப் பெயர் ஏதோ கிரேக்கத் தெய்வத்தினுடையது என எண்ணினால் ஏமாறுவோம். செயற்கை அமோனியா என்னும் ஆங்கிலத் தொடரைச் சுருக்கி, இரசாயன நிறுவனமொன்று தன் உரத்துக்கு இட்ட வணிகப் பெயர் அது. அவ்வூரின் இளைஞர் அப்பெயரை மார்பிலே தாங்கி ஆடினர்.

இனி அமெச்சூர் கொள்கைக்கு வருவோம். ஆட்டத்துக்கு ஊதியம் பெறுதல் இழிவு என்னும் கருத்து, தனியார் உயர்தரப் பள்ளிகளிற் பயின்ற கனவான்களின் கருத்தாகும். வாடகையாலும் வட்டியாலும் வாழ்வோனுக்கு ஊதியமின்றி ஆடுவதில் இழப்பேதுமில்லை. 1883இல் பிளக்பேர்ண் ஒலிம்பிக் என்னும் நெசவாளர், தொழிலாளர் அணி, ஈட்டன் பள்ளியின் பழைய மாணவரை இறுதியாட்டத்திலே 2-1 என வென்றது. அதன் பின் கனவான்களின் காலம் அஸ்தமித்தது. 1885இல் தொழில்முறை ஆட்டம் சட்டபூர்வமாயிற்று. இதனைச் செரிக்கமாட்டாத தென்பகுதிக் கனவான் கழகங்கள் 1907இல் தனிச் சங்கம் அமைத்துப் பிரிந்து சென்றன. கொரிந்தியன்ஸ் என்னும் புகழ்பெற்ற கனவான் கழகத்தார், 1891இல் அறிமுகமான தண்ட உதையைத் தம்மை அவமதிக்கும் விதியாகவே கருதினர். கனவான் வேண்டுமென்றே தவறிழைப்பானா என்பது அவர்தம் வாதம். தண்டனை விதிகள் பிறருக்கென்றே இயற்றப்பட்டவை என்ற எண்ணம் ஆட்டத்திடலுக்கு வெளியிலும் அவ்வர்க்கத்தாருக்கு இருந்ததை நாம் அறிவோம்.

நோதேர்ன் லீக்கின் மிகப் புகழ்பெற்ற கழகமான பிஷப் ஓக்லண்ட் இக்கொள்கையின் முத்திரையைத் தன் சட்டையிலேயே தாங்கியது. டர்ஹம் ஆயரின் மாளிகையிற் சமயக் கல்வி பயின்ற ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் மாணவர் அக்கழகத்தின் தோற்றத்துக்குக் காரணராயிருந்தனர். ஆகவே அவ்விரு பல்கலைக்கழகங்களின் கருநீலமும் இளநீலமும் கழகத்தின் நிறங்களாயின. பின்னர் சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள் பல தலைமுறையாக அந்நிறங்களை அணிந்து ஆடினர். மேலிருந்து இறங்கிய கருத்தொன்றைக் கீழோர் தமதாக்கிக்கொண்டனர் என இதனைக் கூறிவிடலாம். ஆனால் எவ்வாறு தமதாக்கினர், என்ன விலை கொடுத்தனர் என்பவற்றை நோக்காவிடின் அக்கூற்றுப் பொருளற்றதாகும்.

விலை வெளிப்படையானது. சனிக்கிழமை தூரத்து ஊருக்கு ஆடச்செல்லும் தொழிலாளி, ஒரு வேலை முறையை இழப்பான். இழந்த கூலியை ஈடுசெய்வது ஊதியமா, அன்றா? சட்டம் ஊதியமே என்றது. கழகங்கள் ‘செலவு’ என்றன. ஆட்டம் முடிந்து சப்பாத்தை எடுக்கும்போது அதனுள்ளே நாணயங்கள் கிடந்தன. எவர் வைத்தார் என எவரும் கேட்கவில்லை. இவ்வழக்கத்தைக் கபடம் என ஒழுக்கவாதிகள் கண்டித்தனர். கபடம் எங்கே இருந்தது என்பதே கேள்வி. கூலியுழைப்பாளனுக்கும் வாடகை வாங்குவோனுக்கும் ஒரே விதியை விதித்து, அதனைச் சமத்துவம் என அழைத்த சட்டத்திலே கபடம் இல்லையா?

1926ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தம் ஒன்பது நாட்களில் முடிவுற்றபோதும் டர்ஹம் தொழிலாளர் நவம்பர் இறுதிவரை கதவடைப்பைத் தாங்கி நின்று, நீண்ட வேலை நேரத்துக்கும் குறைந்த கூலிக்கும் திரும்ப நேர்ந்தது. இதனை அடுத்தே, 1928ஐ ஒட்டி, கள்ள ஊதியம் வழங்கியதாகக் குரூக் டவுன் கழகம் மாவட்டச் சங்கத்தால் இடைநிறுத்தப்பட்டது. குரூக் கழகத்தார் வாளாவிருக்கவில்லை. எல்லோரும் செய்வதையே தாமும் செய்ததாகக் கூறிப் பிற கழகங்களின் நடைமுறைகளையும் வெளியிட்டனர். விளைவாக நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர் அமெச்சூர் தகுதியை இழந்தனர். இதிலே குரூக் கழகத்தாரை வீரராகக் காட்ட நாம் விரும்பவில்லை. சக தொழிலாளரைக் காட்டிக்கொடுத்தமை ஒரு சங்கக் கிளையிலே மன்னிக்கப்பட்டிராது. எனினும் சட்டம் அவ்வர்க்கத்தின் ஒற்றுமையை எங்கே உடைத்தது என்பதை அந்நிகழ்ச்சி துல்லியமாகக் காட்டுகிறது.

இதுவரை கூறியவை இங்கிலாந்தின் உள்நாட்டு விடயங்கள். ஆனால் இந்த லீக்கின் வரலாற்றிலே ஒரு கிண்ணம் இருக்கிறது. அதன் வெள்ளியிலே நம் மலையகத்தின் சாயலும் உண்டு.

கிளாஸ்கோவில் வறிய குடும்பத்திற் பிறந்து பலசரக்குக் கடைகளாற் செல்வந்தரான தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்தார். இலைநோயினாற் கோப்பிப் பயிர் அழிந்து தோட்டங்கள் மலிவு விலைக்கு விலைப்பட்ட காலம் அது. அப்புத்தளைப் பகுதியிலே தம்பத்தென்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்ற கருத்தை விளம்பரமாக்கி, இடைத்தரகரை நீக்கி மலிவாக விற்றதாகப் பெருமை பெற்றார். நீக்கப்படாத ஓர் இடைத்தரகன் இருந்தான், அவன் கங்காணி. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கடனோடு கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர், துண்டு முறையால் ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குக் கடனோடே மாற்றப்பட்டனர். 1921இலேயே அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. டர்ஹம் தொழிலாளர் 1872இல் அறுத்தெறிந்த பிணைப்புக்கு ஒப்பானதொன்று நம் மலைகளிலே அதன் பின்னரும் அரை நூற்றாண்டு நீடித்தது.

‘சேர்’ பட்டம் பெற்ற லிப்டன் விளையாட்டுப் புரவலராகவும் விளங்கினார். 1899க்கும் 1930க்கும் இடையில் ஐந்து முறை அமெரிக்கக் கிண்ணப் பாய்க்கப்பற் போட்டிக்கு முயன்று ஐந்து முறையும் தோற்றார். தோல்வியும் தேயிலைக்கு விளம்பரமாயிற்று. 1909இல் இத்தாலியின் துரின் நகரிலே நடந்த பன்னாட்டு உதைபந்தாட்டப் போட்டிக்கு அவர் வெள்ளிக் கிண்ணம் ஒன்றை வழங்கினார். ஆங்கில உதைபந்தாட்டச் சங்கம் அணி அனுப்ப மறுத்தது. அழைப்பு, நோதேர்ன் லீக்கின் சிறிய கழகங்களுள் ஒன்றான வெஸ்ட் ஓக்லண்டுக்குச் சென்றது. ஏன் அக்கழகத்துக்கு? டபிள்யூ. ஏ. என்ற எழுத்துக்களைக் கண்டு வூல்விச் ஆர்சனல் என்ற பெருங்கழகத்துக்குப் பதிலாகத் தவறுதலாக அழைத்தனர் என்பது ஊரவர் விரும்பிக் கூறும் கதை. அதற்கு ஆதாரமில்லை. ஆயினும் தம்மை யாரும் வேண்டுமென்றே அழைத்திருக்கமாட்டார் என ஒரு மக்கட்கூட்டம் தானே கதை புனைந்து மகிழ்வதிலே, அதன் சமூக அநுபவம் முழுவதும் பொதிந்துள்ளது.

அணியினருட் பெரும்பான்மையோர் சுரங்கத் தொழிலாளர். வீட்டுப் பொருள்களை விற்றும் அடகு வைத்தும் வழிச்செலவு சேர்த்தனர் எனக் கூறப்படுகிறது. தலைவன் பொப் ஜோன்ஸ். துரினிலே ஸ்டுட்கார்ட் அணியை 2-0 எனவும், ஏப்ரல் 12ஆம் திகதி இறுதியாட்டத்திலே சுவிற்சர்லாந்தின் வின்டர்தூர் அணியை 2-0 எனவும் வென்றனர். அதற்கு இரண்டு மாதங்களின் முன், பெப்ரவரி 16ஆம் திகதி, அதே டர்ஹம் மாவட்டத்தின் வெஸ்ட் ஸ்டான்லிச் சுரங்கத்திலே நிகழ்ந்த வெடிப்பில் 168 பேர் மாண்டனர். துரினில் ஆடியவர் அச்சாவுகளை நினைந்தாரா என்பதற்குச் சான்றில்லை. ஆனால் அந்தப் பெப்ரவரியைக் கடந்தே எந்தச் சுரங்கத் தொழிலாளியும் அந்த ஏப்ரலுக்கு வந்திருக்கமுடியும். 1911இல் மீண்டும் சென்று சூரிச் அணியை 2-0 எனவும் ஜுவெந்துசை 6-1 எனவும் வீழ்த்தினர். இருமுறை வென்றமையால் கிண்ணம் அவர்களுக்கே நிரந்தரமாயிற்று.

முதலாவது உலகக் கிண்ணம் எனச் சிலர் இதனைப் போற்றுவர். 1908இலேயே துரினில் பன்னாட்டுப் போட்டியொன்று நடந்துவிட்டமையால் அவ்வுரிமை கோரல் பொருந்தாது. நமக்கு அது முக்கியமுமன்று. முக்கியமானது இதுவே. அப்புத்தளைச் சரிவுகளிலே கொழுந்து பறித்த பெண்ணின் உபரி உழைப்பு தேயிலையாகி, தேயிலை இலாபமாகி, இலாபம் வெள்ளியாகி, அவ்வெள்ளி டர்ஹம் சுரங்கத் தொழிலாளியின் கைக்கு வந்தது. சுரங்கத்திலிருந்து வீடு திரும்பிய அவன் பருகியதும் பெரும்பாலும் அந்தத் தேநீரையே. இருவரும் ஒருவரையொருவர் அறியார். முதலாளித்துவம் உலகத் தொழிலாளரை ஒன்றிணைக்கின்றது என்று நாம் அடிக்கடி எழுதுகின்றோம். அவ்விணைப்பு எத்துணை முழுமையானது, அதே வேளை எத்துணைக் குருடானது என்பதை இக்கிண்ணம் போல் உணர்த்தும் பொருளை நாம் கண்டதில்லை. ஒருவர்க்கு 1869இலேயே சங்கம் இருந்தது. மற்றவருக்கு நடேசையர் தொழிற்சங்கம் அமைத்தது பல பத்தாண்டுகளின் பின்னரே. கிண்ணம் பெறும் ஆட்டத்துக்கு வேண்டிய சனிக்கிழமைப் பிற்பகலும் அவருக்கு இருக்கவில்லை.

கிண்ணத்தின் பிற்கதையும் கூறத்தக்கது. துரின் பயணங்களின் கடன் கழகத்தை நெருக்கிற்று. உள்ளூர் விடுதிக்காரப் பெண்மணி ஒருவரிடம் 40 பவுணுக்கு அக்கிண்ணம் ஈடாக வைக்கப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின், 1960இல், கிராமத்தவர் 100 பவுண் சேர்த்து அதனை மீட்டனர். ஈடு வைத்த நகையை மீட்கப் படும்பாட்டை அறிந்த நம் வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

பெண்களைப் பற்றி இந்த வரலாறு பெரிதும் மௌனம் சாதிக்கின்றது. அம்மௌனம் இயற்கையானதன்று. முதலாம் உலகப் போர்க் காலத்திலே வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்த வடகிழக்குப் பெண்கள் தமக்கெனக் கிண்ணப் போட்டி நடத்தினர். 1918 மே மாதத்திலே மிடில்ஸ்பரோத் திடலில் பிளைத் ஸ்பார்ட்டன்ஸ் பெண்கள் அணி இறுதியாட்டத்தை 5-0 என வென்றது. 1921 டிசம்பரில் ஆங்கிலச் சங்கம் தன் அங்கத்துவக் கழகங்களின் திடல்களைப் பெண்களுக்கு மூடிற்று. அத்தடை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. தொழிலாளரின் சொந்த நிறுவனம் என நாம் மேலே போற்றிய கழகங்கள் இத்தடையை மீறித் தம் திடல்களைத் திறந்துவிடவில்லை என்பதையும் பதிவு செய்தல் நேர்மையாகும்.

லீக்கின் பொற்காலம் 1950கள். 1950இல் வில்லிங்டன் கழகம் அமெச்சூர் கிண்ண இறுதியாட்டத்திலே பிஷப் ஓக்லண்டை 4-0 என வென்றது. 1954இல் பிஷப் ஓக்லண்டும் அதிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள குரூக் டவுனும் வெம்பிளியில் மோதியபோது 1,00,000 பேர் திரண்டனர். முதல் ஆட்டம் 2-2. நியூகாசிலில் மறு ஆட்டமும் 2-2. மூன்றாவதாக மிடில்ஸ்பரோவில் குரூக் 1-0 என வென்றது. 1955, 1956, 1957 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ச்சியாக பிஷப் ஓக்லண்டே கிண்ணத்தைப் பெற்று, மொத்தம் பத்துமுறை வென்ற கழகமாயிற்று. 1958இல் மியூனிக் விமான விபத்திலே மன்செஸ்டர் யுனைட்டட் தன் இளம் வீரர்களை இழந்தபோது, டெரெக் லெவின், பொப் ஹார்டிஸ்ரி, வொரன் பிராட்லி ஆகிய மூவர் பிஷப் ஓக்லண்டிலிருந்து கைகொடுக்கச் சென்றனர். பிராட்லி ஒரு பாடசாலை ஆசிரியர். பின்னர் இங்கிலாந்து அணிக்கும் ஆடினார்.

இப்பொற்காலத்தின் அடித்தளம் அப்பொழுதே அரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது என்பதை எவரும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. 1947இல் சுரங்கங்கள் தேசியமயமாயின. 1951 மே மாதத்திலே ஈசிங்டன் சுரங்க வெடிப்பில் 83 பேர் இறந்தனர். அதே ஆண்டிலே டர்ஹம் மாவட்ட சபை, கிராமங்களை நான்காக வகுத்து, நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ‘டி’ வகுப்பிற் சேர்த்தது. அவற்றிலே இனிப் புதிய வீடோ முதலீடோ இல்லை. மக்கள் காலப்போக்கில் அகலவேண்டும். இத்திட்டத்தை வகுத்தது தொழிற்கட்சிச் சபை என்பது கசப்பான செய்தி. நிலக்கரி முடிந்த இடத்திலே மனிதருக்கு என்ன வேலை என்ற தர்க்கம், உடைமை மாறியதால் மாறிவிடவில்லை. அக்கொள்கை 1977இலேயே கைவிடப்பட்டது. ஓர் ஊர் இன்னும் ஊராகவே இருக்கின்றது என்பதற்குச் சனிக்கிழமை முடிவுகளின் பட்டியலில் அதன் பெயர் வருவது ஒரு சான்றாயிற்று. எஷ் வின்னிங் சுரங்கம் 1968இல் மூடப்பட்டது. அவ்வூரின் இன்றைய கழகம் 1982இல் லீக்கிற் சேர்ந்தது. சுரங்கம் போன பின்னும் அவ்வூரின் பெயரைச் சுமக்க எஞ்சியவற்றுள் கழகமும் ஒன்று.

1974இல் ஆங்கிலச் சங்கம் அமெச்சூர், தொழில்முறை என்ற வேறுபாட்டையே ஒழித்தது. அமெச்சூர் கிண்ணமும் அத்துடன் முடிந்தது. சப்பாத்துக்குள் நாணயம் வைக்க வேண்டிய தேவை நீங்கிற்று. பொய் ஒழிந்தது நன்றே. ஆனால் கொள்கை போனபின் சந்தை மறைப்பின்றி உள்ளே நுழைந்தது. தோ லோ டவுன் கழகத்தில் ஆடிக்கொண்டே இறைச்சிப் பதனிடுதலுக்கான சுவைப்பொருள் தொழிற்சாலையில் வேலை செய்த கிறிஸ் வடிலை நியூகாசில் யுனைட்டட் 1980இல் 1,000 பவுணுக்குப் பெற்றது. 1989இல் அவர் மார்செய் கழகத்துக்கு விற்கப்பட்ட விலை 45 இலட்சம் பவுண். மூலப்பொருளை மலிவாகக் கொடுத்து முடிவுப்பொருளின் இலாபத்தைப் பிறர் பெறக் காண்பது சுரங்கக் கிராமங்களுக்குப் புதிய அநுபவமன்று, நமக்கும் அன்று.

1980இல் கொன்செற் உருக்கு ஆலை மூடப்பட்டது. 1984-85 வேலைநிறுத்தத்தின் தோல்விக்குப் பின் எஞ்சிய சுரங்கங்களும் ஒவ்வொன்றாய் மறைந்தன. ஈசிங்டன் 1993இல் மூடிற்று. லீக்கோ மறையவில்லை. தேசிய லீக் அமைப்பின் படிநிலைக்குள் 1991 வரை சேராது ஒதுங்கி நின்றமையால் அது சில நல்ல வாய்ப்புகளை இழந்தது என்பர். அப்பிடிவாதத்தை நாம் முழுதாகக் குறைகூற மாட்டோம். அமெச்சூர் கிண்ணத்தின் இடத்துக்கு வந்த ‘வாஸ்’ போட்டியிலே, 2009 முதல் 2017 வரையான ஒன்பது இறுதியாட்டங்களில் எட்டை நோதேர்ன் லீக் கழகங்களே வென்றன. தவறிய 2014இலும் தோற்று நின்றது வெஸ்ட் ஓக்லண்டே. திடலில் வாயிற்சீட்டு விற்பவர், கோடு வரைபவர், தேநீர் ஊற்றுபவர் பலரும் இன்றும் ஊதியமின்றியே பணிபுரிகின்றனர். அமெச்சூர் என்ற சொல் ஆட்டக்காரரை விட்டு நீங்கி இவர்களிடமே வந்து தங்கியுள்ளது என்பது எம் கருத்து.

லிப்டன் கிண்ணம் 1994 ஜனவரியிலே வெஸ்ட் ஓக்லண்ட் கழக இல்லத்திலிருந்து களவு போயிற்று, இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது அங்குள்ளது அதன் மாதிரியே. 2013இல் கிராமத்துப் புற்றரையிலே அவ்வணியின் நினைவாகச் சிலையொன்றும் நிறுவப்பட்டது. தம்பத்தென்னவும் ஏனைய கம்பனித் தோட்டங்களும் 1975இல் அரசுடைமையாகி, 1990களில் மீண்டும் தனியார் நிர்வாகத்துக்குச் சென்றன. தோட்டத்தின் உச்சியிலே, லிப்டன் அமர்ந்து தன் உடைமையைப் பார்வையிட்டார் எனப்படும் பாறை முனைக்கு உல்லாசப் பயணிகள் அதிகாலையிலே ஏறிச் செல்கின்றனர். போகும் வழியெங்கும் இருபுறத்திலும் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பர்.